மலைக்குப் போகும் முன்: பழைய கேமராவோடு சிலமலையில் பத்து நாள்

சிலமலைக்கு மலை மேற்கே. காலை ஏழு மணிக்கு ஊருக்கு வெளியே, தேவாரம் ரோட்டோரம் நின்று பாருங்கள். ஒவ்வொரு மடிப்பும் பாறைச் சரிவும் மழைத்தண்ணீர் அரித்த தடமும் கையால் தடவிவிடலாம் போலக் கிட்டத்தில் தெரியும். அதே இடத்தில் மாலை நாலரைக்கு நின்றால் மலை ஒரே கருநீலச் சுவர். சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு இரண்டு காட்சியும் அழகுதான். பழைய டிஜிட்டல் கேமராவுக்குக் காலைக் காட்சிதான் கட்டுப்படும்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் போடியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு அண்ணன். ஒரு சாயங்காலம் எடுத்த முப்பது படங்களைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். வானம் வெள்ளைத் தாள், மலை கரிக்கட்டை. கேமரா கெட்டுப்போயிருக்குமோ என்று கேட்டேன். "கேமரா நல்லாத்தான் இருக்கு தம்பி. நம்ம ஊர்ல மலைய காலைல எடுக்கணும். சாயங்காலம் மலைய விட்டுட்டு வானத்த எடு" என்றார். அன்றைக்கு அவர் ஐந்து நிமிடத்தில் சொன்னதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்க விரித்து எழுதுகிறேன்.

போடிமெட்டுக்கோ டாப் ஸ்டேஷனுக்கோ கொழுக்குமலைக்கோ கிளம்புகிறவர்கள் முந்தின நாள் இரவு பீரோவிலிருந்து பழைய கேமராவை எடுத்து, சார்ஜ் போட்டு, அப்படியே பையில் வைத்துக்கொண்டு ஜீப் ஏறுகிறார்கள். மலையில் இருப்பது ஆறேழு மணி நேரம். அதில் பாதி மெனுவைத் தேடுவதில் போய்விடுகிறது. பயணத்துக்குப் பத்து நாள் முன்னால், மலையைக் கீழே இருந்து எடுத்துப் பழகிவிட்டுப் போங்கள். சிலமலை, இராசிங்காபுரம், சில்லமரத்துப்பட்டி என்று அடிவாரத்து ஊர்கள் எல்லாமே இதற்குத் தோதானவை. வெளியூர்க்காரர்கள் தங்கள் ஊரில் எந்தக் குன்றையோ ஏரிக்கரையையோ வைத்துப் பழகலாம். அதற்கு முன்னால் கிழக்கு எது, மேற்கு எது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது கேனான் பவர்ஷாட் ஏ520. 2005இல் வந்த மாடல். 4 மெகாபிக்சல், நான்கு மடங்கு ஜூம். என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, புதிது வாங்கியதும் எனக்கு விட்டுப்போனது. உங்களிடம் இருப்பது நிக்கான் டி40 ஆக இருக்கலாம், சோனி சைபர்ஷாட்டாக இருக்கலாம். பட்டன்கள் இடம் மாறும். கீழே சொல்லும் சங்கதிகள் மாறாது. மெகாபிக்சல் குறைவு என்று தயங்க வேண்டாம். 1975இல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தது 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. ஆறுக்கு நாலு அங்குலப் பிரிண்ட் துல்லியமாக வர 1800க்கு 1200 புள்ளிகள், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும்.

பேட்டரி, கார்டு, தேதி

முதல் நாள் வேலை பேட்டரி. என் கேமரா இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும். ரோட்டோரக் கடையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு முதல் தடவை போடிமெட்டு ஏறினேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் கேமரா அணைந்தது. பாதி மலையில் நின்று கையில் செத்த பெட்டியோடு பள்ளத்தாக்கைப் பார்த்த அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற சாதாரண பேட்டரியால் லென்ஸை வெளியே தள்ளி ஃப்ளாஷையும் ஏற்றும் அளவுக்கு மின்சாரத்தை ஒரே மூச்சில் கொடுக்க முடியாது. ஆல்கலைன் கொஞ்சம் பரவாயில்லை. சரியானது சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. அதிலும் சார்ஜை மாதக்கணக்கில் தேக்கி வைத்திருக்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். சான்யோ 2005இல் கொண்டுவந்த எனலூப் அந்த ரகத்துக்கு முன்னோடி. இரண்டு ஜோடி வேண்டும். வாங்கியதும் இரண்டு மூன்று முறை முழுதாக ஏற்றி இறக்கினால்தான் முழுத் தெம்பு வரும். பத்து நாள் முன்னால் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தட்டையான லித்தியம் பேட்டரி போடும் கேமரா என்றால் பேட்டரியை மேசைமேல் வைத்து விரலால் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் போலச் சுற்றினால் அது உப்பியிருக்கிறது என்று பொருள். அதைக் கேமராவுக்குள் தள்ளாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

கார்டில் பலர் ஏமாறுகிறார்கள். இன்று கடையில் எளிதாகக் கிடைக்கும் 32, 64 ஜிபி கார்டை 2005ஆம் ஆண்டுக் கேமரா அடையாளமே காணாது. 2006இல் எஸ்டிஎச்சி முறை வந்தது. அதற்கு முந்தைய கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபி வரையுள்ள பழைய எஸ்டி கார்டை மட்டுமே ஏற்கும். எஸ்டிஎச்சி கேமரா என்றால் 32 ஜிபி வரை போடலாம். 2 ஜிபி சிறியது என்று நினைக்காதீர்கள். 4 மெகாபிக்சலில் உயர்ந்த தரத்தில் வைத்தாலும் தொள்ளாயிரம் படம் பிடிக்கும். கார்டைக் கம்ப்யூட்டரில் அல்ல, கேமராவின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். முன்னதாக உள்ளே இருக்கும் படங்களைப் பாருங்கள். பழைய கேமராவின் கார்டில் இறந்துபோன பாட்டியின் முகம் இருக்கக்கூடும்.

பல ஆண்டு பீரோவில் கிடந்த கேமரா தேதியை மறந்திருக்கும். சரியாக வையுங்கள். எந்த மணிக்கு எடுத்த படம் நன்றாக வந்தது என்று பிறகு பார்க்க அந்த ஒரு வரிதான் உதவும். அடுத்து லென்ஸ். அதன்மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. லேசாக இருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது, ஆனால் சூரியனுக்கு எதிரே எடுத்தால் படம் முழுக்க வெளிறிப்போகும்.

வேட்டியும் எருமையும்

கொடியில் காயும் வெள்ளை வேட்டி மட்டும் சட்டம் முழுக்க வருமாறு கிட்டத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். பிறகு ஓர் எருமையின் விலாப்புறம் மட்டும் வருமாறு இன்னொன்று. திரையில் இரண்டையும் பாருங்கள். வேட்டி அழுக்குச் சாம்பலாகவும் எருமை வெளிறிய சாம்பலாகவும் இருக்கும். கேமராவின் மீட்டருக்கு எது வேட்டி, எது எருமை என்று தெரியாது. முன்னால் என்ன இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறது.

இப்போது மெனுவில் அல்லது பின்பக்கம் கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டனைத் தேடுங்கள். எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைப்பது அது. வேட்டிக்கு +1 வைத்து எடுத்தால் வெள்ளை வெள்ளையாக வரும். எருமைக்கு -1 வைத்தால் கருமை திரும்பும். நான் பழகியதில் இந்த ஒரு பட்டனைப் போல வேறெதுவும் என் படங்களை மாற்றவில்லை. மலையில் பனிமூட்டம்தான் வேட்டி. நிழலில் நிற்கும் பாறைதான் எருமை. இரண்டு நாள் இதை மட்டும் பழகினாலும் நேரம் வீணில்லை.

மூன்றாவது பாடம் வானம். இன்றைய செல்போன் ஒரு படம் எடுக்கும்போது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகக் கலக்கிறது. வானம் ஒரு படத்திலிருந்து, மரநிழல் இன்னொன்றிலிருந்து. பழைய கேமரா ஒரே ஒரு படம்தான் எடுக்கும். வானமும் மலையும் ஒன்றுக்கொன்று அதிக வெளிச்ச வித்தியாசத்தில் இருந்தால், எதைக் காப்பாற்றுவது என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். வெளுத்துப்போன வானத்தை எந்தக் கம்ப்யூட்டரும் மீட்டுத் தராது. இருட்டிய மலையை ஓரளவு தூக்கிக்கொள்ளலாம். ஆகவே சந்தேகம் வந்தால் வானத்தின் பக்கம் சாயுங்கள். கேமராவை வானம் கூடுதலாக வருமாறு சற்று உயர்த்தி, ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடித்து, அப்படியே கீழே இறக்கி, வேண்டிய சட்டத்தில் முழுதாக அழுத்துங்கள். என்னுடையது போன்ற சிறிய கேமராக்களில் பாதி அழுத்தினால் ஃபோகஸும் வெளிச்சமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். எஸ்எல்ஆர் வகையில் வெளிச்சத்தைப் பூட்டத் தனிப் பட்டன் இருக்கும்.

பாதி அழுத்துவது இன்னொன்றுக்கும் உதவும். பழைய கேமராவில் பட்டனை ஒரேயடியாக அழுத்தினால், அது ஃபோகஸ் தேடி முடித்துப் படம் எடுப்பதற்குள் ஆட்டுக்குட்டி சட்டத்தை விட்டே போயிருக்கும். முன்கூட்டியே பாதி அழுத்திக் காத்திருந்தால் முழு அழுத்தத்துக்குப் படம் உடனே விழும். இதைப் பழக, ரோட்டில் வரும் சைக்கிள்களைப் போல நல்ல பயிற்சி இல்லை.

கை நடுக்கம்

என் கேமராவில் நடுக்கம் தடுக்கும் வசதி கிடையாது. அகலக் கோணத்தில் விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு, முழு ஜூமில் நூற்றைம்பதில் ஒரு பங்கு: ஷட்டர் வேகம் இதற்குக் கீழே போனால் கையில் பிடித்து எடுக்காதீர்கள். கைப்பிடிச் சுவர், மைல்கல், ஜீப்பின் பானெட் என்று எதன்மேலாவது வைத்து, டைமரை 2 விநாடிக்கு வைத்து விட்டுவிடுங்கள். ஜீப் என்றால் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இருக்கும் கேமரா என்றால் திரையை அணைத்துவிட்டு அதில் பாருங்கள். நெற்றியும் கையும் சேர்ந்து கேமராவைத் தாங்கும், பேட்டரியும் நெடுநேரம் வரும்.

ஆடி மாதத்தில் பழகுகிறவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு பாடம் உண்டு. மலையிலிருந்து காற்று இறங்கி வீசுகையில் தென்னை ஓலை ஒரு நொடி நிற்காது. ஷட்டர் வேகத்தை மாற்றும் வசதி இருந்தால் (கேனானில் டிவி, நிக்கானில் எஸ்) ஒரே தென்னையை ஐந்நூறில் ஒரு பங்கிலும் பதினைந்தில் ஒரு பங்கிலும் எடுத்துப் பாருங்கள். முதலாவதில் ஓலை உறைந்து நிற்கும். இரண்டாவதில் காற்றே தெரியும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

ஐஎஸ்ஓ எண்ணைத் தானாக மாறவிடாமல் 100இல் வையுங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சென்சாரில் 400 வைத்தால் நிழலெல்லாம் மணல் தூவியது போல வரும். எஸ்எல்ஆர் வகையில் சென்சார் பெரிது. 800 வரை தயங்காமல் போகலாம்.

மலைமேல்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறக்குறைய 1000 மீட்டர் ஏற்றம். கீழே வியர்த்த உடம்புக்கு மேலே ஆறேழு டிகிரி குளிர் கூடுதல். அதைவிட முக்கியம், மேலே போனதும் வெளிச்சத்தின் கணக்குத் தலைகீழாகிவிடும். சிலமலையில் நின்று மேற்கே மலையைப் பார்த்தீர்கள், காலை வெயில் உங்கள் முதுகில் இருந்தது. போடிமெட்டில் நின்று கீழே போடியையும் வயல்களையும் பார்க்கும்போது நீங்கள் பார்ப்பது கிழக்கு. காலையில் சூரியன் நேரே லென்ஸுக்குள் வரும், கீழே எல்லாம் வெள்ளைப் புகை. மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள், மூட்டம் இல்லாவிட்டால், சமவெளியில் கண்மாயும் தோப்பும் ரோடும் பளிச்சென்று தெரியும். அதற்குப் பிறகு மலையின் நிழல் அடிவாரத்து ஊர்கள்மேல் படுத்துவிடும். கீழே நின்றால் காலை, மேலே நின்றால் பின்மதியம்: பயணத் திட்டத்தையே இதை வைத்துப் போடலாம்.

விடியலுக்குக் கொழுக்குமலை போகிறவர்களின் கதை வேறு. அது தேனி மாவட்டத்து மலைதான், ஆனால் ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாக. அங்கே மேகங்களுக்கு மேல் சூரியன் எழுவதைப் பார்க்கத்தான் போகிறீர்கள். எதிர்வெளிச்சம் என்று முன்பே தெரியும். மலை விளிம்பையும் மனிதர்களையும் கருநிழலாக விட்டுவிட்டு வானத்துக்கு மட்டும் அளவெடுங்கள். பழைய சிசிடி சென்சார் கேமராவில் சூரியனைக் குறிபார்த்தால் திரையில் மேலிருந்து கீழாக ஊதா நிறத்தில் ஒரு கோடு ஓடும். பயப்பட வேண்டாம். அது அந்தச் சென்சாரின் சுபாவம். எடுத்த படத்தில் பெரும்பாலும் வராது. கண் வைக்கும் துவாரத்தின் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், மாற்று ஜோடியைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

குரங்கணி வழியாக நடந்து ஏற ஆசைப்படுகிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடியும் வைக்க வேண்டாம். 2018 மார்ச் 11ஆம் தேதி அந்தச் சரிவில் பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் உயிரிழந்தார்கள். புல் காய்ந்த மாதங்களில் அந்தப் பாதையை மனசிலிருந்தே எடுத்துவிடுங்கள். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

மூட்டத்துக்குள் கேமரா ஃபோகஸ் கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடித் திணறும். வெள்ளையில் அதற்குப் பிடிமானம் இல்லை. நீங்கள் எடுக்க நினைக்கும் தொலைவிலேயே ஒரு மரத்தின் விளிம்பைக் காட்டிப் பூட்டிக்கொண்டு திரும்புங்கள், அல்லது மலைப் படம் போட்ட குறிக்கு மாற்றுங்கள். வேட்டிப் பாடம் நினைவிருக்கட்டும்: +1.

ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடும். ஏலச்செடி நிழல் கேட்கும் பயிர். பெருமரங்கள் கூரைபோல் மூடியிருக்கும். இலை வழியாக வடிந்துவரும் வெளிச்சத்தில் முகங்கள்கூடப் பச்சையாக வரும். ஒயிட் பேலன்ஸை மேகக் குறிக்கு மாற்றினால் தோல் நிறம் கொஞ்சம் திரும்பும். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். ஏலப்பூ எங்கே என்று தலைக்கு மேல் தேடாதீர்கள். செடியின் அடியில், தரையோடு படர்ந்த சரத்தில் பூக்கும். வெள்ளை இதழ், நடுவில் ஊதா வரிகள். அதை எடுக்கப் பூப்படம் போட்ட குறியை அழுத்தி, ஜூமைத் தொடாமல், அகலக் கோணத்திலேயே கேமராவைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். என்னுடையது 5 சென்டிமீட்டர்வரை போகும். இவ்வளவு கிட்டத்தில் துவாரத்தில் தெரிவதும் படத்தில் வருவதும் வேறுவேறு. திரையைத்தான் பார்க்க வேண்டும். மழைக்காலம் என்றால் மண்டியிடும் முன் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

போகும் முன் ஒருநாள் இரவு 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தைப் பாருங்கள். லெனின் பாரதி இயக்கம், தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு, 2018இல் வந்தது. இந்தச் சரிவுகளில் ஏறி இறங்கி உழைப்பவர்களின் கதை. ஒருமுறை கதைக்காகப் பாருங்கள். இன்னொருமுறை ஒலியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு காட்சியிலும் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

இறங்கிய பிறகு

குளிரில் இருந்த கேமராவை அடிவாரத்து வெக்கையில் உடனே வெளியே எடுத்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் போல அதன்மேல் நீர் பூக்கும். லென்ஸுக்குள்ளும் பூக்கும், பூஞ்சைக்கு அதுதான் விதை. கீழே இறங்கும் முன்பே பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஊருக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். அன்றிரவே கார்டு ரீடர் வழியாகப் படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். கேமராவைத் திரும்ப எடுத்துவைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்த பேட்டரி நல்ல கேமராக்களைக் கொன்றிருக்கிறது.

தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். சரி என்றவர்களுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். முன்பு ஒரு அத்தையிடம் செல்போனில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "போன்ல இருந்தா எம் பேரன் அழிச்சுப்புடுவான்பா, கையில குடு" என்றார். அவர்களில் பலர் மலைமேல் குடியிருப்பவர்கள் அல்ல. நம் சிலமலையிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் தினமும் ஜீப்பில் ஏறிப் போய்வருகிறவர்கள். பிரிண்டை உறையில் போட்டு, ஜீப் கிளம்பும் இடத்தில் போய்க் கொடுக்கலாம். விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.